நாலு விரக்கடை தள்ளி

ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, உள்ளே கோதண்டராமன் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். மிஷினின் நெற்றியில் விபூதிப் பட்டை ஏற்கெனவே ஏறிவிட்டது. காசு போடும் வாய்க்கு மஞ்சள் குங்குமம் ஆயிற்று. இப்போது ஒயரில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தி, குழலின் நுனியில், நட்டநடுவில், குழைத்த சந்தனத்தை ஆட்காட்டி விரலால் வைத்து அழுத்துகிறார். நேற்றைய பொட்டைத் துடைப்பதில்லை. "சாமிக்கி வச்சத வழிச்சிப் போடறதாவது" என்பார். ஆகவே நேற்றையதன் மேல் இன்றையது ஏறும், இன்றையதன் மேல் நாளையது ஏறும். ஆறு வருஷமாக இப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

கற்பூரம் அணைந்ததும் முதல் ஆட்டம் அவருடையது. ஷட்டர் முழங்கால் உயரத்திலேயே நிற்கும். வெளியே திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் டீ குடிப்பவர்களுக்கு வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். டுப்பு டுப்பு என்று கால் மணி நேரம். அப்புறம் சத்தமே இருக்காது. பத்து நிமிஷம் கழித்து ஷட்டர் கடகடவென்று மேலே போகும். கோதண்டராமன் தோள் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே வெளியே வருவார்.

"பாத்துட்டேன்பா. இன்னைக்கும் அந்தத் தம்பிய பாத்துட்டேன்" என்பார். டீக்கடையில் இரண்டு பேராவது உச்சுக்கொட்டுவார்கள்.

தம்பி யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கோதண்டராமனின் கடையில் இருப்பது ஒரே ஒரு மிஷின். ஆளுயரப் பெட்டி, அதில் ஒரு டிவி, டிவியைப் பார்த்துச் சுட ஒரு துப்பாக்கி. ஏதோ ஓர் இங்கிலீஷ் விஞ்ஞானப் படத்தை வைத்துப் பண்ணிய ஆட்டம் அது. படத்தின் பெயரும் கதாநாயகன் முகமும் பெட்டியின் பக்கத்தில் பெரிதாக ஒட்டியிருந்தனவாம். மெட்ராஸிலிருந்து லாரியில் வரும்போது கயிறு உரசிப் பெயர் போயிற்று, முகத்தில் மூக்கு மட்டும் மிஞ்சியது. வில்லனுக்கு ஒரு சேதமும் இல்லை. தலை முழுக்கத் தகடு பொருத்திய இயந்திர ராஜா. ஊர் அவனுக்குத் தகட்டுமண்டையன் என்று பேர் வைத்தது; ஆட்டத்துக்கும் அதுவே பேராகிவிட்டது.

படத்தின் கதை ஊரில் கோதண்டராமன் ஒருவருக்குத்தான் தெரியும். மெட்ராஸில், ஏசி தியேட்டரில், மூன்று தடவை பார்த்ததாகச் சொல்வார். டோக்கன் வாங்கினால் ஆட்டம். வாங்காவிட்டாலும் கதை உண்டு.

"அதாவதுப்பா, ரெண்டாயிரத்து எம்பதாவது வருசம். உலகத்துல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. எங்க பாத்தாலும் பாலைவனம். மிஷினுங்க ராஜ்ஜியம். அதுங்களுக்கு ராஜா இந்தத் தகட்டுமண்டையன். நம்ம காலத்துக்கு வந்து தண்ணிய எடுத்துனு போவ பாக்கறான். ஹீரோ தடுக்கறான். சண்டைன்னா உங்க ஊட்டு சண்டை எங்க ஊட்டு சண்டை இல்ல. கடைசீல மண்டத் தகடு ஒண்ணொண்ணா கழண்டு விழுது. உள்ள பாத்தா..."

இந்த இடத்தில் டீயை ஒரு வாய் குடிப்பார். கேட்பவர்கள் குடிக்க மாட்டார்கள்.

"உள்ள பாத்தா, சின்ன வயசுல திருவிழாக் கூட்டத்துல காணாம போன ஹீரோவோட சொந்தத் தம்பி! தோ, இங்க, மோவாயில மச்சம்."

அமெரிக்காவில் எந்தத் திருவிழா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர் இது. கடை வாசலில் பூ கட்டும் காசியம்மாள் இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவையும், "பெத்தவ எப்பிடித்தான் தாங்கனாளோ" என்று முந்தானையை எடுப்பாள்.

பெயரிலேயே வில்லை வைத்திருக்கும் இந்த மனிதர் ஐம்பதைத் தொடப்போகிறார். சஃபாரி சட்டை, காதோரம் ரோமம், சுண்டு விரலில் வளர்த்த நகம். 1991 வரை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த ஒரு ஏக்கரை விற்று இந்தப் பெட்டியை வாங்கினார். அவர் மனைவி ரேணுகாம்பாளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு கடைக்கு வரும்போதெல்லாம் மிஷினை ஏற இறங்கப் பார்ப்பாள். "மல்லாட்ட போட்டிருந்தா வருசத்துக்கு ஒரு தபாவாவது வெளைஞ்சிருக்கும். இது தெனம் டுப்பு டுப்புனு சத்தந்தான் போடுது. அதுக்குப் பொட்டு ஒரு கேடு" என்பாள்.  கலைஞர்கள் வீட்டில் இப்படித்தான் என்று கோதண்டராமன் ஒரு புன்னகை மட்டும் செய்வார்.

மிஷினை வைத்த விதத்திலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மலை. ஆடுகிறவன் மலையைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டக் கூடாது. அது அண்ணாமலையாரையே குறிபார்த்த மாதிரி. எனவே மிஷினைக் கிழக்குச் சுவரில் சார்த்தி, திரை வாசலைப் பார்க்கும்படி வைத்தார். விளைவு, மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழுந்தது. தகட்டுமண்டையனும் தெரியவில்லை, அவன் படையும் தெரியவில்லை. கோணிப்பை தைத்து வாசலில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து உள்ளே இருட்டு, புழுக்கம், கோணி நாற்றம்.

"அப்ப மலைக்கி முதுக காட்டிக்கினு நிக்கறமே, அது பாவமில்லியா?" என்று ஒருவர் கேட்டார்.

"துப்பாக்கி காட்றதுக்கு முதுகு காட்றது தேவலப்பா" என்றார் கோதண்டராமன். கேட்டவர் ஒரு டோக்கன் வாங்கினார்.

ஆனால் அவருடைய உண்மையான புகழ் வேறொன்றில் இருக்கிறது. இந்தத் துப்பாக்கியால் நேராகச் சுட்டால் எதுவும் சாகாது. எதிரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான் இரும்புச் சிப்பாய், நெஞ்சிலேயே சுடுவீர்கள், குண்டு அவனுக்கு வலப்பக்கம் போய்ச் சுவரில் படும். அவன் உங்களைச் சாவகாசமாகச் சுடுவான். பௌர்ணமிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மூன்று உயிரையும் மூன்றே நிமிஷத்தில் இழந்துவிட்டுத் தங்கள் கையைத் தாங்களே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அப்போது கோதண்டராமன் ஸ்டூலிலிருந்து எழுந்து வருவார். இடது கையின் நாலு விரலைச் சேர்த்து, திரையில் நிற்கும் சிப்பாயின் தோளுக்குப் பக்கத்தில் வைப்பார்.

"நாலு விரக்கடை. எடது பக்கம். தள்ளி அடி."

தள்ளி அடித்தால் விழுவான். எப்படி என்று கேட்டால் விஞ்ஞானம் வரும். "அவன் எதிர்காலத்துலேர்ந்து வந்தவன்பா. நீ அவன பாக்கற எடத்துல அவன் இல்ல. டயத்துக்கும் டயத்துக்கும் எடையில ஒரு கேப்பு இருக்குது. அந்தக் கேப்பு நாலு விரக்கடை."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல், ஆனால் ஆறு வருஷமாக ஆடியவர்கள்தான் வெட்கப்பட்டார்கள். பாலிடெக்னிக் மாணவர்கள், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாக்கள், பஸ் டிரைவர்கள் என்று ஊரில் ஒரு தலைமுறையே எதையும் நாலு விரக்கடை தள்ளிக் குறிபார்க்கப் பழகிவிட்டது. அந்தச் சந்தனத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒரு நினைப்பும் இல்லை. பொட்டு வைத்த முகத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

இன்னொரு சட்டமும் உண்டு. இந்த மாதிரி மிஷின்களில் ஆள் செத்துவிட்டால் திரையில் பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வரும். பூஜ்யம் வருவதற்குள் இன்னொரு டோக்கன் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உலகத்தில் எந்தக் கடைக்காரனும் இதைத் தடுக்க மாட்டான். அவன் பிழைப்பே அதுதான். கோதண்டராமன் மட்டும் தடுப்பார். "செத்தவன் செத்தவன்தான். செத்தவனுக்கு மறுபடி உசுரு குடுக்கறது தர்மம் கெடையாது. மொதல்லேர்ந்து ஆடு" என்று காசு வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். கடையைத் தேடி வரும் லட்சுமியை இப்படி வாசலிலேயே நிறுத்தி அனுப்பும் ஒரு வியாபாரியை இந்தத் தெரு பார்த்ததில்லை. அதற்காகவே அவரைப் பெரிய மனுஷன் என்றார்கள்.

தர்மம் ஒன்றும் இல்லை. பயம். எட்டுக் கட்டங்கள் உள்ள அந்த ஆட்டத்தில் கோதண்டராமன் ஆறாவதைத் தாண்டியதே கிடையாது. தகட்டுமண்டையனை அவர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படத்தில் பார்த்ததுதான். அந்த இங்கிலீஷ் சினிமாவையும் பார்த்ததில்லை. மெட்ராஸுக்கு அவர் போனது வாழ்க்கையில் இரண்டு தடவை, ஒன்று மிஷின் வாங்க, இன்னொன்று மச்சினி கல்யாணத்துக்கு. இரண்டு தடவையும் அந்தப் படம் எங்கும் ஓடவில்லை. காலை ஆட்டத்தில் ஆறாவது கட்டத்தில் செத்துப்போய், ஷட்டருக்குப் பின்னால் பத்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். தம்பியும் மச்சமும் முதல் வருஷம் ஒரு மழை நாளில், கரண்ட் இல்லாத நேரத்தில், ஆட்களை எழுந்து போகவிடாமல் பிடித்துவைக்கச் சொன்னது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஆறு வருஷம் ஓடியது. கெட்டிக்காரர் இல்லை என்பதால் இருக்கலாம்.

ஓடியதில் முதல் கல் இடறியது மணியால். மணி கீழ்பென்னாத்தூர் ரூட்டில் ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் இங்கேதான் இருப்பான். அவரை மாஸ்டர் என்று முதலில் கூப்பிட்டவனும் அவன்தான். போன தை மாதம் மச்சானோடு மெட்ராஸ் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனான். அங்கே அதே மிஷின், அதே தகட்டுமண்டையன். மாமனார் வீட்டுச் சனம் முழுவதையும் பின்னால் நிறுத்திவைத்துவிட்டு, திருவண்ணாமலையின் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு விரக்கடை தள்ளிச் சுட்டான். ஒரு சிப்பாயும் விழவில்லை. காப்பாற்ற வேண்டிய பொதுஜனங்கள் நாலு பேர் விழுந்தார்கள். மச்சான் சிரித்த சிரிப்பு பஸ் ஏறும்வரை நிற்கவில்லை.

"அங்கல்லாம் நேராத்தான் அடிக்கறாங்க மாஸ்டர். செத்தா காசு போட்டுப் போட்டு மேல ஆடறாங்க" என்றான் திரும்பி வந்து. "முடிவப் பாக்கலாம்னு நின்னேன். அதுக்குள்ள ராட்டினத்துக்கு இழுத்துனு போய்ட்டாங்க."

கோதண்டராமன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொருட்காட்சில வர்றதுல்லாம் டூப்ளிகேட்டுப்பா. ஒரிஜினல் மிஷின் தள்ளித்தான் அடிக்கும்."

மணி தலையாட்டினான். பழக்கதோஷத்தில் ஆட்டினான் என்பது கோதண்டராமனுக்கே தெரிந்தது.

இந்தச் சித்ரா பௌர்ணமி அன்று அது நடந்தது. கிரிவலம் வந்தவர்கள் வெயில் தாழட்டும் என்று நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். கோணிக்குப் பின்னால் இருபது பேராவது இருப்பார்கள். மணி மிஷின் பக்கத்தில் நின்றிருந்தான். கோணியை விலக்கிக்கொண்டு வினோதினி உள்ளே வந்தாள். எதிர்வரிசை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிறவள். கையில் ஒரு கண்ணாடிக் கூடும் ஒரு மஞ்சள் துணியும்.

"சார், உங்க கண்ணாடி ரெடியாயி ஒரு வாரம் ஆச்சி. நீங்க வந்து வாங்கறா மாதிரி தெரியல. உங்க வீட்டம்மா எங்க கடைக்கி வந்து, கையோட மாட்டிவுட்டுட்டு வாம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க."

கோதண்டராமன் சுற்றிலும் பார்த்தார். வெள்ளெழுத்துக்கு ரேணுகாம்பாள் அவரை இழுத்துப்போய்க் கண் பரிசோதித்தது வெளியே தெரியாத ரகசியம். "எனக்கின்னாத்துக்கும்மா கண்ணாடி? குறி பாத்து அடிக்கறவன் நானு."

"ஒரு நிமிசம் ஆடாம இருங்க சார்." அவள் மாட்டிவிட்டாள். இடது காதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கழற்றி, காம்பை வளைத்து, மறுபடி மாட்டினாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்றுதான் கோதண்டராமன் நினைத்தார். போகத் திரும்பியவளின் கண்ணில் தொங்கிக்கொண்டிருந்த துப்பாக்கி பட்டது.

அவள் வேலை அப்படி. காலையிலிருந்து கடை சாத்தும்வரை கண்ணாடி துடைக்கிறவள். எப்போதாவது பஸ் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரரின் கண்ணாடியில் கைரேகை இருந்தால் இறங்கும் இடம்வரை அவளுக்கு நிம்மதி இருக்காது.

"அய்யய்ய, இதுக்கும் கண்ணு இருக்குது சார். யாரோ சந்தனத்த அப்பி வச்சிருக்காங்க."

"இத்தத் தொடாதம்மா!"

அதற்குள் அவள் தொட்டுவிட்டாள். தோள்பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் மருந்துச் சீசாவை எடுத்து இரண்டு சொட்டு விட்டு, நகத்தால் ஒரு சுரண்டு, துணியால் ஒரு திருகு. ஆறு வருஷத்துப் பக்தி வில்லை வில்லையாகத் தரையில் உதிர்ந்தது. குழலுக்குள் பட்டாணி அளவு ஒரு கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

மணி அந்தக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் இருந்த டோக்கன்களில் ஒன்றை எடுத்துப் போட்டான்.

"நீ ஒரு ஆட்டம் ஆடு தங்கச்சி."

"எனக்குத் தெரியாதுண்ணா. எங்க பாத்துச் சுடணும்?"

"நாலு விரக்கடை, எடது பக்கம்" என்றார் கோதண்டராமன். நாலு விரலைச் சேர்த்து நீட்டினார். "தள்ளி அடிக்கணும்."

வினோதினி திரையைப் பார்த்தாள். "ஏன் சார்? அவன் இங்கதான நிக்கறான்?"

நின்ற இடத்திலேயே சுட்டாள். விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான்.  கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தன் நாலு விரலையும் சேர்த்துவைத்து, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் கட்டத்தில் அவள் செத்துப்போனாள். கோதண்டராமனுக்கு மூச்சு வந்தது. "அவ்ளோதாம்மா. நல்லா ஆடின. செத்தவன் செத்தவன்தான். அடுத்த ஆளு யாரு?" என்று காசு வாயைப் பொத்தக் கையை நீட்டினார். திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆரம்பித்தது. மணி அவர் கையை மெதுவாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு டோக்கனைப் போட்டான்.

"தர்மத்துக்கு விரோதம்பா மணி."

"தர்மம்லாம் அப்பால பாத்துக்கலாம் மாஸ்டரே. முடிவ பாக்கணும். மச்சான் சிரிச்சது இன்னும் காதுல கேக்குது."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. அவள் சாகச் சாக யார் யாரோ டோக்கன் போட்டார்கள். கிரிவலத்துக்கு வந்தவர்கள் மலையை மறந்து நின்றார்கள். நாலு, ஐந்து, ஆறு. ஆறாவது முடிந்தபோது கோதண்டராமன் தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. பாவம், ஆறு வருஷம் காத்திருந்தவர்களில் அவர்தான் அதிகம் காத்திருந்தவர்.

ஏழாவது கட்டம் திறந்தது. திரை முழுக்கக் கடல். தண்ணீருக்கடியில் ஒரு நகரம். மீன்கள் போயின.

"மாஸ்டரே" என்றார் குமாஸ்தா. "ஒரு சொட்டுத் தண்ணி கெடையாதுன்னீங்க. பாலைவனம்னீங்க. இங்க பாத்தா மீனு நீந்துது?"

இருபது தலைகளும் திரும்பின. கோதண்டராமன் புதுக்கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"திருடினு வந்த தண்ணிப்பா அது. எல்லாத்தையும் இங்கதான் பதுக்கி வச்சிருக்கான்."

ஆ என்று கூட்டம் மூச்சு விட்டது. இந்த இடத்தில் அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பொய் சொல்லப் பலருக்கு வரும். ஓடுகிற பொய்யில் ஏறிக்கொள்ளச் சிலருக்குத்தான் வரும்.

எட்டாவது கட்டம். கூரை இடிந்து தகட்டுமண்டையன் இறங்கினான், திரை கொள்ளாத உருவம். "காசிம்மா, ஓடியா, தம்பி மூஞ்சி தெரியப்போவுது!" என்று யாரோ வாசலைப் பார்த்துக் கூவினார்கள். காசியம்மாள் பாதி கட்டிய பூச்சரத்தோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் கிரிவலத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், என்ன ஏது என்று தெரியாமல். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு அவசரமாகச் சொன்னார்கள்: திருவிழா, கூடப்பிறந்தவன், மச்சம். காசியம்மாள் முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தகடு கழன்று விழுந்தது. நெற்றி. அடுத்தது கன்னம். உள்ளே இருட்டாக இருந்தது, ஒன்றும் புரியவில்லை. வாசல் பக்கம் நழுவிவிடலாமா என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது. அதே சமயம் ஒரு நப்பாசையும் வந்து தொலைத்தது. ஒருவேளை தம்பியாகவே இருந்துவிட்டால்? அவ்வளவு பெரிய அமெரிக்காவில், படம் எடுத்தவனுக்கும் ஒரு மழை நாளில் அதே யோசனை வந்திருக்கக் கூடாதா? இருக்கலாம் என்று நினைத்தார். இருக்காது என்று நினைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் சொன்னதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

"ரெண்டே தகடு" என்றான் மணி. "மோவா பக்கம் அடி தங்கச்சி. மச்சம் அங்கதான் இருக்குது."

வினோதினி ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தாள். மோவாய்த் தகட்டில் விரிசல் ஓடியது. காசியம்மாளுக்கு அழுகை முன்கூட்டியே வந்துவிட்டது. தகடு ஒரு பக்கம் கழன்று தொங்கி ஆடியது. உள்ளே வெளுப்பாக ஏதோ தெரிய ஆரம்பித்தது.

கோதண்டராமனின் கை மிஷினுக்குப் பின்னால் போயிற்று.

டப்பென்று திரை அணைந்தது. நடுவில் ஒரு புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அதுவும் போயிற்று. இருட்டில் யாரோ "அய்யோ" என்றார்கள்.

"கரண்டு பூட்ச்சிப்பா" என்றார் கோதண்டராமன். "இன்னா பண்றது? பௌர்ணமி லோடு."

 வேட்டுச் சத்தம் நின்றதில், கடகடவென்று ஒரு சத்தம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. மணி அண்ணாந்து பார்த்தான். குமாஸ்தா பார்த்தார். காசியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். துப்பாக்கியை இறக்காமலேயே வினோதினியும் பார்த்தாள். ஃபேன் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியாகக் கோதண்டராமனும் பார்த்தார். பிறகு ஒருவர் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் சுவர் வரைக்கும் நடந்து போய், எட்டி, ஃபேன் சுவிட்சையும் அணைத்தார்.